மடப்பள்ளி சாமியின் கால்

போன வாரம் என் காலில் ஒரு புண். பைக் ஸ்டாண்டு கிழித்த கீறல். இதெல்லாம் ஒரு காயமா என்று விட்டுவிட்டேன்... அது சீழ் வைத்து, வீங்கி, செருப்புக்குள் கால் நுழையாத நிலைமைக்குக் கொண்டுவந்துவிட்டது. டாக்டரிடம் போனேன். என் மகள் வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சீழை லேபுக்கு அனுப்பி ரிப்போர்ட் வரவழைத்தார்.

ரிப்போர்ட்டில் வரிசையாக மருந்துகளின் பெயர். இந்த மருந்துக்குக் கிருமி சாகும், இதற்குச் சாகாது என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு எழுத்து. என் கண் தேடியது ஒரே ஒரு பெயரை. சிப்ரோஃப்ளாக்சசின். எதிரே போட்டிருந்தது — சாகாது!

"சிப்ரோவுக்கா சாகாதுங்குது?" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"ஆமா சார். இப்பல்லாம் நிறைய பேருக்கு இப்படித்தான் வருது. தோல்ல வர்ற சாதாரணப் புண்ணுக்கு நாங்க அதை முதல்ல எடுக்கறதே இல்ல. சில பேருக்குக் குதிகால் மேல தசைநாண் வலி வேற வந்துடும். ஏன் சார், உங்களுக்கு அந்த மாத்திரை ஒத்துக்குமா?"

ஒத்துக்குமாவா? எனக்குச் சோறு போட்ட மாத்திரை அம்மா அது!

எழுத வருவதற்கு முன்னால் நான் மெடிக்கல் ரெப்பாகக் குப்பை கொட்டியவன் என்பது, இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். தெரியாதவர்கள் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். பழைய வீட்டை நினைத்து ஏங்குவார்கள், பழைய சினேகிதியை நினைத்து ஏங்குவார்கள். ஒரு மாத்திரையை நினைத்து எவனாவது ஏங்குவானா? நான் ஏங்கினேன். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை ஏங்கினேன். சிரிக்காதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்த கதை இது. காலையில் அரக்கோணத்தில் பைக்கில் கிளம்பினால் திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை என்று சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். கையில் பத்து ஊர் பாரத்தோடு ஒரு தோல் பை. கழுத்தில் டை. அந்த வெயிலில் பள்ளிப்பட்டு பஸ் ஸ்டாண்டில் டை கட்டிக்கொண்டு நின்ற ஒரே பிரகிருதி நான்தான். "இன்னா நைனா, கல்யாணத்துக்குப் போய்கினு கீறியா?" என்று வேர்க்கடலை விற்கிறவர் தவறாமல் கேட்பார். நானும் தவறாமல் முறைப்பேன்.

பைக்குள் இருந்த ராஜா சிப்ரோதான். ஃப்ளோரோகுயினலோன் என்று அதன் வம்சத்துக்குப் பேர். டிரெயினிங்கில் அந்தப் பேரைத் தடுக்காமல் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. ஆனால், என்ன வேகம் அந்த மாத்திரைக்கு! அதுவரை ஊசி போட்டால்தான் அடங்கும் என்றிருந்த கிருமிகளை, வாயில் போட்டு முழுங்குகிற ஒரு மாத்திரை அடக்கியது. விடுவார்களா நம் ஆட்கள்? தறி ஓட்டுகிறவருக்குக் கையில் சீழ்க்கட்டியா — சிப்ரோ. மொட்டை போட்ட தலையில் கொப்புளமா — சிப்ரோ. சளிக்குக்கூட சிப்ரோ! சளிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. யார் கேட்டார்கள்? கடையில் போய் "ரெண்டு சிப்ரோ குடு" என்று வாங்கி, பெப்பர்மிண்ட் கணக்காய்ப் போட்டுக்கொண்டு போனார்கள்.

சிப்ரோ எழுதாத ஒரே ஆள் திருத்தணி டாக்டரம்மா.

மலைக்குப் போகிற வழியில் அவருடைய கிளினிக். வேலூர்க்காரர். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. நான் பேச வாயைத் திறந்தாலே, "கொசு அடிக்க ரோடு ரோலர் எதுக்குங்க? தேவைப்படும்போது நானே எழுதுவேன்" என்று வாயை அடைத்துவிடுவார். நான் கொடுக்கிற பேனாவைக்கூட வாங்க மாட்டார். எரிச்சலாக வரும். ஆனால் மரியாதையும் வரும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே சிப்ரோ எழுதினார். யாருக்கு? மடப்பள்ளி சாமிக்கு.

சிவசாமி என்று பேர். மலைக்கோயிலில் சுவாமிக்கு நைவேத்தியம் சமைக்கிற குடும்பம். ஊருக்கே அவர் "மடப்பள்ளி சாமி"தான். ஒருநாள் சர்க்கரைப் பொங்கலுக்குக் கொதித்துக்கொண்டிருந்த வெல்லப்பாகு துள்ளி அவர் கணுக்காலுக்கு மேலே விழுந்துவிட்டது. வெந்நீர் பட்டால் வழிந்து போகும். பாகு ஒட்டிக்கொண்டு வேகவைக்கும். மனிதர் அதன்மேல் விபூதியை அப்பிக்கொண்டு வேலையைப் பார்த்தார். கால் சும்மா இருக்குமா? பச்சையாய் சீழ் கட்டி, பக்கத்தில் உட்கார முடியாத வாடை வந்த பிறகுதான் டாக்டரம்மாவிடம் வந்தார். முதலில் கொடுத்த சாதாரண மாத்திரைகள் பலிக்கவில்லை. சீழை வேலூர் லேபுக்கு அனுப்பினார். இந்தக் கிருமிக்கு சிப்ரோதான் சரி என்று பதில் வந்தது.

அப்போது ஆடி பிறந்திருந்தது. ஆடிக் கிருத்திகை வந்துகொண்டிருந்தது.

திருத்தணியில் ஆடிக் கிருத்திகை என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. காவடி, காவடி, காவடி... ஆந்திரா பக்கமிருந்து பாதி ஜனம் வந்துவிடும். அன்றைக்குச் சமைப்பது சாமியின் பங்குக்கு வந்த முறை. அவர் அப்பா நின்ற அடுப்பு. சீழும் ரத்தமுமாய் இருக்கிறவர் மடப்பள்ளிக்குள் போகக் கூடாது. அவர்கள் குடும்பத்து ஏற்பாடு இன்னும் கடுமை. கிருத்திகைக்கு முறைக்காரர் நிற்காவிட்டால், முறை அடுத்த பங்குக்குப் போய்விடும். போனால் போனதுதான்.

அடுத்த பங்கு யார்? சித்தப்பா பையன் மணி. அப்பாக்கள் காலத்தில் ஒரு சுவருக்காகச் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்த மணி, தினமும் கிளினிக் கம்பவுண்டரிடம், "அண்ணா கால் எப்படி இருக்காம்?" என்று விசாரித்துவிட்டுப் போகிறார் என்று தகவல்.

"பாத்தேளா சார்? எப்போ விழுவேன்னு காத்துண்டிருக்கான்!" என்று சாமி கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் பொருமினார்.

அவர் பொருமியது போகட்டும். அடுத்த முறை நான் போனபோது டாக்டரம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க. உக்காருங்க. உங்க கம்பெனி மாத்திரைக்குள்ள என்ன வெச்சிருக்கீங்க, சுண்ணாம்பா?"

எனக்குச் சுருக்கென்றது. "என்ன டாக்டர் இப்படிக் கேக்குறீங்க?"

"லேப்ல சாகும்னு சொன்ன கிருமி மனுஷன் கால்ல சாகல. புண்ணு வெச்சது வெச்சபடி இருக்கு. வாடைகூடக் குறையல. நான் என்னிக்கோ ஒருநாள்தான் எழுதறேன், அதுவும் இந்த லட்சணமா?"

ஆத்திரம் என்றால் ஆத்திரம் எனக்கு! என் மாத்திரையைப் பார்த்து, சுண்ணாம்பா என்று ஒரு கேள்வி! இந்த ஆள் மாத்திரை போட்டிருக்க மாட்டார், விபூதியே போதும் என்று தலைமாட்டில் அடுக்கி வைத்திருப்பார் — அப்படித்தான் முடிவு கட்டினேன். கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று மறுநாள் காலையில் நேராக அவர் வீட்டுக்கே வண்டியை விட்டேன்.

மலையடிவாரத்தில், குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. காமு மாமி, அதாவது சாமியின் சம்சாரம், கதவைத் திறந்தார். டை கட்டின ஆளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"காலை எடுக்கணும்னு டாக்டரம்மா சொல்லி அனுப்பினாளா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல மாமி. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"கால்கூடப் பரவாயில்ல தம்பி. முறை போயிடுத்துன்னா இந்த மனுஷர் அதோட படுத்துடுவார். ராத்திரி தூக்கத்துல 'பதம் பாரு, பதம் பாரு'ன்னு உளர்றார்..." என்று சொல்லும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் பாதி அங்கேயே இறங்கிவிட்டது.

உள்ளே சாமி, குளித்து, பட்டை பட்டையாக விபூதி இட்டு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மாத்திரை அட்டை எங்கே இருந்தது தெரியுமா? சுவாமி படத்துக்கு முன்னால்! அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஒரு மாத்திரையைப் பிரித்து வாயில் போட்டார். மாமி டம்ளரை நீட்டினார். பெரிய டம்ளர். சுண்டக் காய்ச்சிய பால், மேலே விரல் கனத்துக்கு ஆடை. மடக் மடக்கென்று ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

நான் அந்தக் காலி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாமி... தினமும் இப்படித்தான் போடுறீங்களா?"

"பின்னே? சாப்பிட்டுட்டுப் போடுங்கோன்னா டாக்டரம்மா. உச்சிக்கால நைவேத்யம் ஆறதுக்கு முன்னாடி என் வாயில சாதம் படுமா? மலைக்குப் போகலேன்னாலும் ஆத்துல நியமம் நியமம்தானே? அதான் வயித்துக்கு ஆதாரமா பால்."

"ராத்திரி மாத்திரை?"

"ஆடி மாசம் எனக்கு ஒருவேளைச் சாப்பாடு. ராத்திரியும் பால்தான். கூட ரெண்டு பழம்."

எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மாத்திரை ஒன்றைக்கூட விடவில்லை மனிதர். ஒன்றைக்கூட உடம்பில் சேரவும் விடவில்லை! பாலில் இருக்கிற கால்சியம் சிப்ரோவைக் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குள் போக விடாது. வந்த வழியே வெளியே கூட்டிக்கொண்டு போய்விடும். வேறு யாராவது இட்லியைத் தின்றுவிட்டுத் தண்ணீரில் முழுங்கியிருப்பார்கள். இவ்வளவு பக்தியாய் இவ்வளவு தப்பாய்ப் போட, மடப்பள்ளிக்காரரால்தான் முடியும்.

"சாமி, பாலை நிறுத்துங்க."

"என்னது?"

"பால் குடிக்கறதாலதான் மாத்திரை வேலை செய்யல."

அவ்வளவுதான். சாமிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ! "இந்த ஊர்ல நின்னுண்டு, ஆடி மாசத்துல, பாலைக் குத்தம் சொல்றீரா? குடம் குடமா முருகன் தலையில ஊத்தறது என்ன, விஷமா?"

"விஷம்னு நான் சொன்னேனா? அந்த மாத்திரைக்கும் அதுக்கும் ஆகாதுன்னேன்!"

"பாலுக்கு ஆகாத மாத்திரை எனக்கு மட்டும் எப்படி ஆகும்?"

இந்தக் கேள்விக்கு எங்கள் கம்பெனி டிரெயினிங்கில் பதில் சொல்லித் தரவில்லை. நானும் கத்தினேன். அவரும் கத்தினார். கடைசியில் மாமிதான், "ஏன்னா, ரெண்டு பேரும் தெரு கேக்கச் சத்தம் போடறதுக்கு, டாக்டரம்மாகிட்டயே போய்க் கேட்டுண்டு வாங்கோளேன்" என்று முடித்து வைத்தார்.

டாக்டரம்மா கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "சாப்பிட்டுட்டுன்னு சொன்னேனே... என்ன சாப்பிடுவீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டேனா?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அப்புறம் சாமியிடம் நிதானமாகச் சொன்னார். "முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுங்க. காலையில எழுந்ததும் வெறும் வயித்துல, வெறும் தண்ணியில. பாலை ரெண்டு மூணு மணி நேரம் தள்ளிக் குடிங்க. ராத்திரிப் பால் வேணாம், பழம் மட்டும். உங்க நியமத்தை நான் தொடல. பாலை நகத்தி வைக்கத்தான் சொல்றேன்."

நகர்த்தி வைக்கலாம் என்றதும் சாமி இறங்கி வந்தார். என்னைப் பார்த்து, "இதை நீர் இப்படிச் சொல்லியிருக்கலாமே?" என்றார். எனக்கு மறுபடியும் கோபம் வந்தது.

அப்புறம் பார்க்க வேண்டுமே அந்த மாத்திரையின் வேலையை! சில நாளில் வாடை போனது. பச்சை நிறம் போனது. ஓரத்தில் ரோஸ் நிறத்தில் புதுத் தோல் எட்டிப் பார்த்தது. எந்த வேலையாய் எந்த ஊருக்குப் போனாலும், திரும்பும்போது திருத்தணியில் வண்டியை நிறுத்தி அந்தக் காலைப் பார்த்துவிட்டுத்தான் போவேன். டார்கெட்டை மறந்தேன், பள்ளிப்பட்டை மறந்தேன். ஒரு புண் ஆறுவதை அவ்வளவு ஆசையாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆனால் பாலோடு போன நாள் போனதுதானே?

கிருத்திகைக்கு முதல் நாள் மத்தியானம். வெளியே தெரு முழுக்கக் காவடிச் சத்தம். டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். நான், சாமி, மாமி மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். புண் காய்ந்திருந்தது. ஒரே ஒரு மூலையில் மட்டும், சின்னதாக, ஈரம்.

"பரவாயில்லைங்க. நல்லாக் கட்டி விடறேன். ஜாக்கிரதையா இருந்துக்கங்க. போலாம்" என்றார் டாக்டரம்மா.

மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சந்தோஷத்தில் பையை எடுத்துத் தோளில் மாட்டிவிட்டேன். சாமி மட்டும் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா, இது சாப்பாட்டுல ஒட்டுமா?"

"கட்டு இருக்கறப்ப பொதுவா ஒட்டாதுங்க."

"பொதுவான்னா?"

வேறு யாராக இருந்தாலும், ஒட்டவே ஒட்டாது என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். டாக்டரம்மா அப்படிச் சொல்கிற ஆள் இல்லையே!

"நூத்துக்கு நூறு ஒட்டாதுன்னு என்னால சொல்ல முடியாதுங்க."

"அப்போ வேண்டாம்" என்றார் சாமி.

"என்னன்னா சொல்றேள்?" என்று மாமி பதறினார்.

"எத்தனை குழந்தைகள் சாப்பிடும் காமு. எங்கேயோ இருந்து நடந்து வந்து கை நீட்றா. நான் எப்படிப் போடுவேன்?"

சொல்லிவிட்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். "வண்டி இருக்கோன்னோ? மணி ஆத்துல என்னைக் கொண்டு விடுங்கோ."

மணி வீட்டு வாசலில் அவர் கால் வைத்தே பல வருஷம் இருக்கும். எனக்கு வண்டி ஓட்டக் கை வரவில்லை. மணி கதவைத் திறந்தார், அண்ணனைப் பார்த்தார்.

"நாளைக்கு அடுப்புக்கு நீ நில்லு" என்றார் சாமி. அவ்வளவுதான் சொன்னார்.

மணி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். கட்டைத் தொட்டார். "ஆறிடுமோல்லியோ? கம்பவுண்டர் ஆறிடும்னுதான் சொன்னான். தினம் கேட்டுண்டேதான் இருந்தேன்" என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, "நிக்கறேன்ணா. ஆனா எனக்குப் பாகு பதம் வராது. நீ வெளில வந்து உக்காரணும்" என்றார்.

மறுநாள் கூட்டத்தில் நசுங்கி, செருப்பைத் தொலைத்து, டை இல்லாமல் நானும் மலையேறினேன். மடப்பள்ளிக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, சாமி உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து மணியின் குரல்: "அண்ணா, நுரை அடங்கிடுத்து!" வெளியிலிருந்து சாமியின் குரல்: "இன்னும் கொஞ்சம் விடு! கம்பி வரட்டும்! ஆங், இப்போ இறக்கு!" அந்த மேளச் சத்தத்திலும் அரோகராவிலும் அவர் தொண்டை எப்படித் தாங்கியதோ!

நைவேத்தியம் ஆனது. முறைக்காரருக்குத்தான் முதல் பிரசாதம். மணி இலையில் வைத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் தன் வாயில் போடவில்லை. நேராக வந்து சாமியின் கையில் வைத்தார்.

"முறை உன்னோடதுதான்ணா. இன்னிக்கு என்னோடது கை மட்டும்தான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படியாக.

சாமி இலையை வாங்கிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு வாய் எடுத்துப் போட்டார். மென்றார்... மென்றுகொண்டே இருந்தார். நாங்கள் எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

"நன்னாருக்கு" என்றார். "நெய் கொஞ்சம் கம்மி."

"அப்போ அடுத்த வருஷம் நீயே வந்து போட்டுக்கோ!" என்றார் மணி.

போட்டார் சாமி. அடுத்த வருஷமும் போயிருந்தேன். வெளியே உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட்டுவிட்டு மணி சொன்னது: "நெய் ஜாஸ்தி!"